மலைவேம்பு இலை உதிர்த்தால் தண்ணீர் மிச்சமா? (மரப்பயிர் பகுதி)

மேட்டுக்காட்டான்
எல்லோருக்கும் வணக்கம். தாராபுரத்துக்கு வடக்கே 3 ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. செம்மண், 4 அடிக்குக் கீழே ஓடக்கல். வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருஷம். போர் 720 அடி. மணிக்கு 5,000 லிட்டர் வரும், 2 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் காற்றுதான் வரும்.

ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் (பெயர் வேண்டாம்) வீட்டுக்கே வந்து, "மலைவேம்பு வைங்க. இலையுதிர் மரம், இலை இல்லாத காலத்தில் தண்ணியே கேட்காது. 10 அடிக்கு 10 அடி வைங்க, ஏழாம் வருஷம் ஏக்கருக்கு 100 டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, 3 வருஷமாக மலைவேம்பு வைத்த பிறகுதான் தன் கிணறு இறங்கிப்போனது என்கிறார். இருவரில் யாரை நம்புவது? அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.

போர் 900
100 டன்னில் 60 டன் பண்ணைக்காரர் வாயிலேயே விளைந்திருக்கும். அட்வான்ஸைப் பத்திரமாக வைங்க அண்ணா.

இலைத்துளை
அண்ணா, நான் வனவியல் படித்தவன், இப்போது மரங்களின் நீர்ச் செலவு பற்றி ஆய்வு செய்கிறேன். இருவரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு வேறு கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் சிக்கல்.

நீர்ப் பயன்பாட்டுத் திறன் என்பது, மரம் 1 லிட்டர் தண்ணீரை இலை வழியே ஆவியாக்கும்போது எத்தனை கிராம் உலர் எடை சேர்க்கிறது என்பது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 97க்கு மேல் இலைத்துளை வழியாகக் காற்றில்தான் போகிறது. கரியமில வாயு உள்ளே வரக் கதவைத் திறந்தால் நீராவி வெளியே போய்விடும், அதைத் தவிர்க்க வழி இல்லை. நம் மரங்கள் பெரும்பாலும் லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை சேர்க்கும். வேகமாக வளரும் மரங்கள் இந்தக் கணக்கில் மோசமில்லை, பல சமயம் மெதுவாக வளரும் மரங்களை விட நல்ல மதிப்பெண் வாங்கும்.

ஆனால் உங்கள் கிணற்றுக்கு இந்த மதிப்பெண்ணால் ஒரு பயனும் இல்லை. மைலேஜ் நல்ல வண்டி வாங்கிவிட்டு தினம் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் செலவு குறையுமா? ஒரு மரம் வேகமாக வளர்கிறது என்றாலே அதற்கு இலைப்பரப்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். லிட்டருக்குக் கூடுதல் மரம் தரும், மொத்த லிட்டரும் கூடுதலாகக் குடிக்கும்.

உங்கள் காட்டுக்கே கணக்குப் போடலாம். 1 ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 650 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 26 லட்சம் லிட்டர். ஓடிப்போவது, மண்ணிலிருந்து நேராக ஆவியாவது, இலையில் பட்டுக் காய்வது எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்குக் கிடைப்பது 17.5 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் போட்டால் வருஷத்துக்கு 5.25 டன் உலர் எடை. அதில் பாதி இலை, கிளை, வேருக்குப் போகும். தண்டில் சேர்வது 2.6 டன். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர் என்பதால் லாரியில் ஏற்றும்போது 5 டன்னுக்குச் சற்று மேல். 7 வருஷத்துக்கு ஏக்கருக்கு 35 டன், அதுவும் முதல் 2 வருஷம் மரம் சின்னது என்பதைக் கணக்கில் எடுக்காமல்.

பண்ணைக்காரர் சொன்ன 100 டன்னுக்கு மீதி 65 டன் உங்கள் போரிலிருந்துதான் வரவேண்டும். இதே கணக்கில் அது 2.17 கோடி லிட்டர். 7 வருஷத்துக்குப் பிரித்தால் ஏக்கருக்கு தினம் 8,500 லிட்டர், 3 ஏக்கருக்கு 25,000 லிட்டருக்கு மேல். உங்கள் போர் கொடுப்பதோ 10,000.

இந்த 3 கிராம், மூன்றில் ஒரு பங்கு எல்லாம் என் அனுமானம்தான். 4 கிராம் போட்டுப் பார்த்தாலும் 100 டன் வராது.

மேட்டுக்காட்டான்
தம்பி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் பையனிடம் போனைக் கொடுத்துக் கால்குலேட்டரில் சரிபார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனால் நீங்கள் 12 மாதமும் மரம் இலையோடு நிற்பதாகப் போட்டிருக்கிறீர்கள். இலை உதிர்த்த மாதங்களைக் கழிக்க வேண்டாமா? பண்ணைக்காரர் அழுத்திச் சொன்னதே அதைத்தானே.

தேக்கு மாமா
ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கல்லணைக் கால்வாய்க் கரையில் தேக்கு பார்த்தே வளர்ந்தவன். இலை உதிர்வது பெரிய விஷயமே இல்லை மாப்பிள்ளை. எந்த மாதம் உதிர்க்கிறது, எத்தனை நாள் மொட்டையாக நிற்கிறது, அதைச் சொல்லு.

மேட்டூரில் ஜூன் 12 திறப்பார்கள், ஜனவரி 28 மூடுவார்கள். இது பழைய கணக்கு, இப்போது அணையில் இருப்பு இருந்தால்தான் நடக்கிறது. வாய்க்கால் காய்ந்து கொஞ்ச நாளில் தேக்கு இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் வெறும் கிளையோடு நிற்கும். அந்தக் காலத்தில்தான் இலையோடு நிற்கிற எந்த மரமாக இருந்தாலும் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும். பம்புசெட் ஓரமாக ஓயாமல் ஈரம் படுகிற தேக்கு மட்டும் பங்குனியிலும் பாதி இலையோடு பச்சையாக நிற்கும். உனக்குத் தண்ணீர் கிடைக்கிறதென்றால் அதற்கு ஏன் இலை உதிர்க்க வேண்டும்? பண்ணைக்காரர்கள் இலையுதிர் மரம் என்று சொல்லி விற்றுவிட்டு, அடுத்த வரியிலேயே சொட்டுநீர் ட்ரிப் போடச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது.

இலைத்துளை
மாமா சொன்னதுதான் சரியான இடம். அதற்கு எண் சேர்க்கிறேன்.

1 கிராம் மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைக் காற்றின் வறட்சிதான் பெருமளவு தீர்மானிக்கிறது. 35 டிகிரி வெயிலில் காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால், ஆவி அழுத்தப் பற்றாக்குறை, அதாவது காற்று இலையிலிருந்து ஈரத்தை இழுக்கும் வலு, 3.9 கிலோ பாஸ்கல். 25 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அது 0.8 தான். கிட்டத்தட்ட 5 மடங்கு வித்தியாசம். சித்திரை மதியம் ஒரு கிராம் மரத்துக்குச் செலவாகும் தண்ணீரில், கார்த்திகை மூட்டத்தில் நாலைந்து கிராம் வளர்த்துவிடலாம். அந்த வறண்ட மாதங்களில் மொட்டையாக நிற்கும் மரம்தான் வருஷக் கணக்கில் சிக்கனமானது.

இப்போது மலைவேம்பைப் பாருங்கள். நான் பார்த்த தோட்டங்களில் அது மார்கழி, தையில் இலையைக் கொட்டுகிறது. மாசி, பங்குனியில் புதுக் கொழுந்து விட்டுவிடுகிறது. அதாவது வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண்ணில் ஈரம் இருந்து, காற்றும் மென்மையாக இருக்கும் நேரத்தில் இலை இல்லாமல் தூங்குகிறது. கோடை வரும்போது குடம் குடமாகக் குடிக்கத் தயாராக முழு இலையோடு நிற்கிறது. பாசனம் செய்த தோட்டங்களில் அந்த மொட்டைக் காலமும் சில வாரங்களோடு சரி. ஆகவே அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில்: கழிக்கலாம், ஆனால் கழிவது மலிவான மாதங்கள்.

கண்மாய்க்கரை செல்வி
புதுக்கோட்டை மாவட்டம். நீங்கள் எல்லாம் டன் கணக்கும் கிராம் கணக்கும் பேசுகிறீர்கள், நான் கண்மாய்க் கணக்குப் பேசுகிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே சிறுவயதில் முந்திரியும் புதரும் இருந்த மேட்டில் பிறகு தைலமரம் வந்தது. முன்பெல்லாம் மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து வரத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிவரும். இப்போது அதே மழைக்கு வாய்க்கால் நனைகிறதோடு சரி. மரம் குடித்ததா, வரிசைக்கு வரிசை வெட்டின குழி மறித்ததா என்று ஊரில் இன்னும் சண்டை. இரண்டும்தான் என்பேன்.

தைலமரம் வேண்டாம் என்று நாங்கள் பேசியதும், "சரி, இலையுதிர் மரம் வைக்கலாம், அது நல்ல மரம்" என்று புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பெயர் மாறினால் குடி மாறிவிடுமா?

ஹொஸ்கோட்டே வாசி
செல்வி அக்கா கேள்விக்கு பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. 1980-களின் கடைசியில் இயன் கால்டர் என்ற ஆங்கிலேய நீரியல் அறிஞரின் குழு, கர்நாடக வனத்துறையினரோடு சேர்ந்து தைலமரம், காட்டு மரம், ராகி மூன்றும் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று மண்ணில் குழாய் இறக்கி அளந்தது. அப்போது கர்நாடகத்தில் தைலமரத்துக்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது, விவசாயிகள் நாற்றைப் பிடுங்கிப் போட்ட காலம்.

மண் 3 மீட்டர் ஆழம் உள்ள இடத்தில் தைலமரம் எடுத்த தண்ணீர், இயற்கையான இலையுதிர் வறண்ட காடு எடுத்ததை விட அதிகமில்லை. படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டுமே பெய்த மழையைக் கிட்டத்தட்ட முழுசாக எடுத்துக்கொண்டன. ராகி எடுத்தது அதில் ஏறக்குறைய பாதி. ஹொஸ்கோட்டேயில் மட்டும் வேறு கதை. அங்கே மண் 8 மீட்டருக்கு மேல் ஆழம். 3 வருஷம் அளந்ததில் தைலமரம் பெய்த மழையை விடக் கூடுதலாக எடுத்தது. முந்தின வருஷங்களில் மண்ணுக்குள் இறங்கியிருந்த சேமிப்பை வேர் துரத்திக்கொண்டே போய்க் குடித்துவிட்டது.

ஆகவே மரத்தின் சாதியைக் கேட்பதற்கு முன் மண்ணின் ஆழத்தைக் கேளுங்கள். 4 அடியில் ஓடக்கல் இருந்தால் மேட்டுக்காட்டான் அண்ணா காட்டில் மரம் நிலத்தடி நீரைத் தோண்டிக் குடிக்க வழி குறைவு. மழை இருக்கும் வரை குடிக்கும், அப்புறம் வாடும். கிணறு இறங்கினால் அது வேரின் வேலையாக இருக்காது, மோட்டாரின் வேலை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று.

மேட்டுக்காட்டான்
கேட்டேன். முதல் 2 வருஷம் மின்சாரம் இருந்த நேரம் எல்லாம் ஓட்டினாராம். மரம் கேட்டுச்சு, விட்டேன் என்கிறார்.

போர் 900
மரம் கேட்கும். மாடு மாதிரி போதும் என்று தலையாட்டாது.

தேக்கு மாமா
ஹொஸ்கோட்டேக்காரர் சொன்னதோடு நீலகிரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளென்மார்கனில் சோலையும் புல்வெளியுமாக இருந்த இரண்டு ஓடைப் பள்ளத்தாக்குகளில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் 1972-ல் தைலமரம் வைத்து வருஷக்கணக்காக ஓடை நீரை அளந்தார்கள். முதல் 10 வருஷத்தில் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிவிட்டு மறுதாம்பு வந்த அடுத்த சுற்றில் 25 சதவீதம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்து மேலே புதுத் தளிர் வந்தால் குடி இன்னும் கூடும். மலைவேம்பை வெட்டிய பிறகு அடிக்கட்டையில் வரும் கிளையை வளர்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரம்பம்
கேரளாவில் ப்ளைவுட் ஆலைகள் இருக்கிற பெரும்பாவூருக்கு மரம் அனுப்புகிற வியாபாரி நான். கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசவேண்டும் அல்லவா. எல்லோரும் மரத்தைத் திருடன் மாதிரி பேசுகிறீர்கள். கரும்பு, வாழை வைத்தபோது யாரும் இப்படி லிட்டர் கணக்குப் பார்க்கவில்லை. மலைவேம்பு 6, 7 வருஷத்தில் ப்ளைவுட் உரிக்கிற பருமனுக்கு வருகிறது, விவசாயிக்கு ஆள் கூலி கிடையாது. கொஞ்சம் தண்ணீர் குடித்தால் என்ன?

நான் வாங்குவது சுற்றளவு பார்த்து. 10க்கு 10 நெருக்கி வைத்த தோட்டத்தில் 400 ஒல்லி மரத்துக்கு ஒல்லி விலைதான். 15க்கு 15 வைத்தவர்களின் மரத்தை நான் தேடிப்போய் வாங்குகிறேன்.

இலைத்துளை
ரம்பம் அண்ணா சொன்ன இடைவெளிக்குள் தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. 10க்கு 10 என்றால் ஏக்கருக்கு 435 மரம், 15க்கு 15 என்றால் 193. அதே 17.5 லட்சம் லிட்டரைப் பங்கு போட்டால் முதலாவதில் மரத்துக்கு தினம் 11 லிட்டர், இரண்டாவதில் 25 லிட்டர். ஏக்கரில் மொத்த எடை பெரிதாகக் கூடாது, ஆனால் அது விலை போகிற தண்டில் சேரும்.

கரும்போடு ஒப்பிட்டது நியாயம். கரும்பு வைக்கத் தண்ணீர் இருக்கிற இடத்தில் மலைவேம்பு வைத்தால் தண்ணீர் மிச்சமாகலாம். மேட்டுக்காட்டில், சோளம் விதைத்த நிலத்தில் வைத்தால் நிச்சயம் கூடும். எதை எடுத்துவிட்டு எதை வைக்கிறோம் என்பதைச் சொல்லாமல் எந்த மரத்தையும் சிக்கனம், ஊதாரி என்று சொல்லக்கூடாது.

வயலும் மரமும்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சில வருஷம் ஹரியானாவில் யமுனா நகர்ப் பக்கம் வேலை பார்த்தேன். அங்கே பாப்லர் மரத்தை வயலுக்குள் வரிசை வரிசையாக வைக்கிறார்கள். குளிர்காலத்தில் முழுசாக இலை கொட்டிவிடும், அப்போது கீழே கோதுமைக்கு வெயில் கிடைக்கும். அந்த ஊருக்கு அந்த மொட்டைக் காலம் சரியாகப் பொருந்துகிறது, தண்ணீர் கொடுக்க யமுனைச் சமவெளியின் ஆழ்குழாய் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து நம் ஊரில் இலையுதிர் மரத்துக்குக் கீழே ஊடுபயிர் என்று சொல்கிறார்கள்.

இன்னொரு சந்தேகம். கார்பன் 13 பார்த்து, தண்ணீர் சிக்கனமான ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று படித்தேன். அப்படி ஒரு மலைவேம்பு ரகம் கிடைத்தால் பிரச்சினை தீருமா?

இலைத்துளை
கொஞ்சம் விளக்குகிறேன். காற்றில் உள்ள கரியமில வாயுவில் பெரும்பாலும் கார்பன் 12, நூற்றில் ஒரு பங்கு மட்டும் சற்றுக் கனமான கார்பன் 13. இலைக்கு லேசானதுதான் பிடிக்கும். இலைத்துளை விரியத் திறந்திருந்தால் இலை பொறுக்கி எடுக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருப்பதை வைத்தே காலம் தள்ளும்போது கனமானதையும் ஏற்றுக்கொள்ள வேண்டிவரும். 1982-ல் ஆஸ்திரேலியத் தாவர அறிவியலாளர் ஃபார்க்குவரும் அவர் கூட்டாளிகளும் இதற்குக் கணக்கு வகுத்தார்கள். மரத்துண்டில் கார்பன் 13 கூடியிருந்தால் அது தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவிட்டு வளர்ந்தது என்று படிக்கலாம்.

ஆனால் ஒரு ரகத்துக்கு அந்த மதிப்பெண் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, இலையின் உற்பத்தித் திறன் கூடியது. அது நல்லது. மற்றது, கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தது. அது சிக்கனம்தான், வளர்ச்சி மட்டும் இருக்காது. மரத்துண்டின் எண்ணை மட்டும் பார்த்தால் எது எது என்று தெரியாது. வளர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தே ரகம் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி ஒரு நல்ல ரகம் கிடைத்தாலும், முன்பு சொன்ன மைலேஜ் கதை மாறாது. அதே தண்ணீரில் கூடுதல் மரம் வரும், தண்ணீர் மிஞ்சாது.

கண்மாய்க்கரை செல்வி
தம்பி, ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாகப் புரியவில்லை. புங்கன் சித்திரைக்கு முன்னாடி இலையைக் கொட்டிவிட்டு ஒரு சொட்டு மழை இல்லாமலேயே பளபளவென்று துளிர்க்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து?

இலைத்துளை
பழைய இலை போனதும் இழப்பு நின்றுவிடும். வேர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதைத் தண்டு சேமித்துக்கொண்டு மறுபடி உப்பும், அந்த இருப்பில்தான் மொட்டு விரியும். மத்திய அமெரிக்காவின் வறண்ட காடுகளில் மரத்தைச் சுற்றி அளவுப் பட்டை கட்டி, தண்டு சுருங்குவதையும் உப்புவதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். லேசான மரம் உள்ள இனங்கள் தண்டில் நிறையச் சேர்க்கும். அடர்ந்த மரம் உள்ளவை ஆழத்து ஈரம் எட்டினால்தான் துளிர்க்கும். உங்கள் ஊர்ப் புங்கனுக்குக் கீழே எங்கோ ஈரம் இருக்கிறது அக்கா.

மேட்டுக்காட்டான்
எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன், திட்டுவதற்கு முன் கேளுங்கள். 1 ஏக்கரில் மட்டும் 15க்கு 15 மலைவேம்பு. இரண்டாம் கோடை வரை ட்ரிப், அதற்குப் பிறகு கோடையில் உயிர்த் தண்ணீர் மட்டும். உதிர்கிற இலையைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போடப்போகிறேன். மீதி 2 ஏக்கர் அப்பா வைத்திருந்தபடியே கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு). கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும், இருக்கிற எருமையும் ஆடும் மேய்ந்துகொள்ளும்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எங்களுக்கு ஆடியில் பாலக்காட்டுக் காற்று புழுதியை வாரி இறைக்கும், மேகம் இருக்கும், மழை இருக்காது. அந்த மாதம் தண்ணீர் விட்டால் மரமாகுமா, காற்றோடு போகுமா?

இலைத்துளை
பாதி போகும். அந்த மாதம் விடவேண்டியிருந்தால் பகலில் வேண்டாம், இரவில் விடுங்கள். இருக்கிற தண்ணீரை ஆவணிக்கு அப்புறம் காற்று அடங்கியதும் கொடுங்கள், ஒரு லிட்டருக்கு அப்போதுதான் கூடுதல் மரம் வரும். ஒரு தையல் டேப்பை நாலு மரத்தில் நெஞ்சு உயரத்தில் சுற்றி, மாதம் ஒருமுறை காலையில் அளந்து எழுதி வையுங்கள். பகலில் தண்டு சுருங்கும், அதனால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். எந்த மாதம் வளர்ந்தது, எந்த மாதம் சும்மா குடித்தது என்று ஒரே வருஷத்தில் தெரிந்துவிடும்.

தேக்கு மாமா
அட்வான்ஸ் கொடுக்காமல் இருந்தாயே, அதுவே பெரிய காரியம்.

மேட்டுக்காட்டான்
டேப் வாங்கிவிட்டேன். நாற்று வர நாள் இருக்கிறதே என்று பக்கத்துத் தோட்டத்து மலைவேம்பில் இன்று காலை சுற்றிப் பார்த்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. 19 அங்குலம், குறித்து வைத்திருக்கிறேன். பங்குனி வெயிலில் எங்கள் கிளுவை வேலி ஒரு இலைகூட இல்லாமல் நிற்கிறது, பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை. வேலிக்கு அந்தப் பக்கம் மலைவேம்பு முழுக்கக் கொழுந்து. நான் திரும்பி வரும்போதே அவர் மோட்டாரைப் போட்டுவிட்டார்.